அப்பாவின் கார் இடிபட்டது: சரி செய்யலாமா, விட்டுவிடலாமா?

சிங்கப்பூர் வாசகர் ஒருவர் அனுப்பிய கேள்வியின் சுருக்கம் இது. 2008இல் அப்பா வாங்கிய டொயோட்டா கொரோலா ஆல்டிஸ். 2018இல் 36,000 வெள்ளி கட்டி சிஓஇயை, அதாவது கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழை, பத்தாண்டுக்குப் புதுப்பித்திருக்கிறார். அவர் காலமான பிறகு கார் அம்மா பெயருக்கு மாறிவிட்டது, மகன் ஓட்டுகிறார். அப்பர் சிராங்கூன் ரோட்டில் நேராகப் போய்க்கொண்டிருந்தபோது, எதிரே வந்து வலப்பக்கம் திரும்பிய கார் முன் வலது மூலையில் இடித்துவிட்டது. ஏர்பேக் இரண்டும் விரிந்துவிட்டன. பட்டறை 14,500 வெள்ளி கேட்கிறது. காப்புறுதி நிறுவனம் காரின் மதிப்பு 13,000 என்றும், இது ‘டோட்டல் லாஸ்’ (முழு இழப்பு) என்றும் சொல்கிறது. சிஓஇ இன்னும் 26 மாதம் இருக்கிறது. அம்மாவோ வண்டியைக் கொடுக்கவே கூடாது என்கிறார்.

காப்புறுதிக்காரர் சொன்னதை வைத்து கார் செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அது அவர்களுடைய வரவு செலவுக் கணக்கு, இரும்பைப் பற்றிய தீர்ப்பு அல்ல. காரின் பதிவை ரத்து செய்தால் மிச்சமுள்ள சிஓஇக்கு நிலப் போக்குவரத்து ஆணையம் பணம் திருப்பித் தரும். உங்கள் விஷயத்தில் 36,000ஐ 120ஆல் வகுத்து 26ஆல் பெருக்கினால் 7,800 வெள்ளி. நசுங்கிய வண்டியைப் பழைய இரும்பாகப் போட்டால் ஒரு 700 என்று வைத்துக்கொள்வோம். ஆக 13,000 கொடுக்கும் நிறுவனத்துக்கு 8,500 திரும்பி வந்துவிடுகிறது. நிகரச் செலவு 4,500தான். ரிப்பேர் 6,000 வெள்ளி ஆனாலே அவர்களுக்கு நஷ்டம். வேறு ஊரில் யோசிக்காமல் சரி செய்யும் இடிகூட சிங்கப்பூரில் டோட்டல் லாஸ் ஆவது இதனால்தான்.

ஆனால் அதே சிஓஇ உங்கள் கழுத்தையும் பிடிக்கும். எவ்வளவு அழகாகச் சரி செய்தாலும் 26 மாதம் கழித்து ஒன்று மறுபடி புதுப்பிக்க வேண்டும், இல்லை பதிவை ரத்து செய்ய வேண்டும். ரத்து செய்த காரை ஒரு மாதத்துக்குள் கழிவாக்கவோ ஏற்றுமதி செய்யவோ வேண்டும். தரை வீடாக இருந்தாலும் முற்றத்தில் நினைவுச் சின்னமாக நிறுத்தி வைக்க வழியில்லை. ஆகவே நீங்கள் ரிப்பேருக்குக் கொடுக்கும் பணம் அப்பாவின் காரை வாங்குவதில்லை, மாதங்களை வாங்குகிறது. எத்தனை மாதம், மாதத்துக்கு எவ்வளவு என்று பார்த்தால்தான் விஷயம் புரியும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். டோட்டல் லாஸை ஒப்புக்கொண்டால், எக்ஸஸ் (இழப்பீட்டில் உங்கள் பங்காகக் கழிக்கும் தொகை) 800 என்று வைத்து, அம்மா கையில் 12,200 வெள்ளி வரும் (சிஓஇ திருப்பிப் பணமும் இதற்குள்தான் அடக்கம், தனியாக இன்னொரு முறை வராது). மாறாக, காரை நாங்களே வைத்துக்கொள்கிறோம் என்று நீங்கள் பேசி, நிறுவனம் ஒப்புக்கொண்டால், 13,000இலிருந்து 8,500ஐயும் எக்ஸஸையும் கழித்து 3,700 தருவார்கள். ரிப்பேர் 14,500. கைக்காசு 10,800 போகும். கிடைத்திருக்க வேண்டிய 12,200ஐயும் சேர்த்தால் 23,000 வெள்ளி. 26 மாதத்துக்கு வகுத்தால் மாதம் ஏறக்குறைய 885. இதில் பெட்ரோல் இல்லை, சாலை வரி இல்லை, காப்புறுதி இல்லை. முடிவில் கையில் எதுவும் மிஞ்சாது. 14 வயதைத் தாண்டிய காருக்குச் சாலை வரியில் 50 விழுக்காடு கூடுதல் கட்டணம் ஏற்கெனவே கட்டிக்கொண்டிருப்பீர்கள். வருடாந்தரச் சோதனையும் உண்டு. பட்டறையில் உதிரிப்பாகத்துக்காக மூன்று மாதம் கார் நின்றால், அந்த மூன்று மாதமும் 26இலிருந்துதான் கழியும்.

2028இல் மறுபடி புதுப்பிக்கும் எண்ணம் உங்களுக்கு உண்மையாகவே இருந்தால் கணக்கு தலைகீழாகும். பத்தாண்டுப் புதுப்பித்தலை எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம்; ஐந்தாண்டுக்குப் புதுப்பித்தால் அதோடு சரி, பிறகு நீட்டிக்க முடியாது. அப்பா பத்தாண்டு எடுத்தது உங்களுக்கு நல்லதாகப் போயிற்று. ஆனால் அன்றைய மூன்று மாத சராசரி விலையைக் கட்ட வேண்டும். சிறிய கார்களுக்கான ஏ பிரிவு சிஓஇ அண்மை ஆண்டுகளில் ஒரு லட்சத்தைத் தாண்டியிருப்பதை நினைவில் வைத்து, ‘புதுப்பிப்போம்’ என்ற வார்த்தையை அம்மாவிடம் சொல்லுங்கள்.

இனி இரும்புக்கு வருவோம். 14,500 என்பது காரைப் பிரிக்காமல் சொன்ன தொகையா, பிரித்துப் பார்த்துச் சொன்ன தொகையா? முதலில் இதைக் கேளுங்கள். பம்பரும் ஃபெண்டரும் கழற்றாமல் போட்ட மதிப்பீட்டுக்குப் பின்னால் கட்டாயம் இரண்டாவது மதிப்பீடு ஒன்று வரும். சில நூறு வெள்ளி கொடுத்தாவது முன் பக்கத்தைப் பிரித்து, ஜிக்கில் (காரைப் பூட்டி அளந்து நிமிர்த்தும் மேடை) ஏற்றி அளந்து, பாகம், கூலி, பெயின்ட், ஜிக் வேலை என்று தனித்தனியாக, 9 விழுக்காடு ஜிஎஸ்டியோடு எழுதி வாங்குங்கள்.

அதற்கு முன் நீங்களே பார்க்கக்கூடியவை நிறைய. வலது முன் கதவைத் திறந்து மூடுங்கள். கதவு தூக்கிக்கொண்டு மூடினால், அல்லது கதவின் முன் ஓரத்தில் இடைவெளி மேலே நெருங்கிக் கீழே விரிந்திருந்தால், ஏ-பில்லர், அதாவது முன் கண்ணாடியின் பக்கத் தூண், பின்னால் நகர்ந்திருக்கிறது. ஓட்டுநர் காலடியில் கார்ப்பெட்டைத் தூக்கித் தரைத் தகட்டில் சுருக்கம் விழுந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கூரையில், முன் கதவுக்கும் பின் கதவுக்கும் நடுவிலுள்ள பி-பில்லர் தூணுக்கு மேலே, வெளிச்சத்தைச் சாய்வாக அடித்தால் அலை தெரிகிறதா பாருங்கள். இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். பயணிகள் உட்காரும் கூடு நகர்ந்த பதினேழு வயதுக் காரை நேராக்கும் செலவுக்கு எந்தப் பாசமும் ஈடு கொடுக்காது. அடுத்த இடியில் அது எப்படி மடங்கும் என்று எந்தப் பட்டறைக்காரராலும் சொல்லவும் முடியாது.

கூடு நேராக இருந்தால் அடுத்தது பானெட்டுக்குக் கீழே. வலது ஷாக் அப்சார்பர் மேல் போல்ட்டிலிருந்து இடது ரேடியேட்டர் சப்போர்ட் மூலைக்கு ஓர் அளவு, இடது போல்ட்டிலிருந்து வலது மூலைக்கு ஓர் அளவு. டேப் போதும், இருவர் பிடிக்க வேண்டும். வலது சப்போர்ட் மூலை நசுங்கித்தான் இருக்கும், ஆகவே அந்த அளவு வித்தியாசப்படுவது எதிர்பார்த்ததே. கவனிக்க வேண்டியது பின்னால் இருக்கும் புள்ளிகள்: இரண்டு ஷாக் டவருக்கும் (ஷாக் அப்சார்பரின் மேல் முனையைப் பிடிக்கும் மேடு) இடையே உள்ள தூரம், ஒவ்வொரு டவரிலிருந்தும் எதிர்ப்பக்கக் கண்ணாடி மூலைக்குக் குறுக்கே உள்ள தூரம். இங்கே 5 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் டவர் நகர்ந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு ஜிக் அளவுக்குப் போங்கள். ஜிக்கில் பொதுவாக 3 மில்லிமீட்டர் வரை ஏற்பார்கள்.

முன் ரெயில், அதாவது எஞ்சினுக்கு இரு பக்கமும் முன்னோக்கி ஓடும் பெட்டி வடிவத் தூண், எங்கே அடிபட்டது என்பதுதான் மொத்த முடிவையும் தீர்மானிக்கும். டவருக்கு முன்னால் மட்டும் மடிந்திருந்தால் அந்தப் பகுதியைத் தயாரிப்பாளர் காட்டும் இணைப்பில் வெட்டிப் புதிதாக வைக்கலாம். டவருக்குப் பின்னால், சப்ஃபிரேம் (எஞ்சினையும் சஸ்பென்ஷனையும் தாங்கும் சட்டம்) போல்ட் பிடிக்கும் இடத்திலோ, எஞ்சினுக்கும் பயணிகளுக்கும் நடுவிலுள்ள ஃபயர்வால் தகட்டை ஒட்டியோ மடிந்திருந்தால் விட்டுவிடுங்கள். லேசாக வளைந்த தகட்டை இழுத்து நிமிர்த்தலாம்; மடிந்து கோடு விழுந்த தகட்டை மாற்றத்தான் வேண்டும். நெருப்பு வைத்துச் சிவக்கச் சிவக்கச் சூடாக்கி நிமிர்த்துகிறேன் என்பவரிடம் காரை விடாதீர்கள். உயர் வலிமை எஃகு அந்தச் சூட்டில் தன் பலத்தை இழந்துவிடும். பெயின்ட் அடித்த பிறகு எதுவும் தெரியாது, இடிபடும்போதுதான் தெரியும்.

பழைய காருக்கே உரிய ஒரு சிக்கல் துரு. உப்புப் போட்ட சாலை இங்கே இல்லாவிட்டாலும், கண்ணாடிக்குக் கீழே இலை குப்பை அடைத்துத் தண்ணீர் தேங்கும் இடத்திலும், கதவுக்குக் கீழ் ஓடும் சில் பகுதியிலும் உள்ளிருந்து அரித்திருக்கும். வெல்டு வைக்கப் போகும் இடத்தை ஸ்குரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் புதுத் தகட்டைப் பிடிக்க அங்கே இரும்பே இல்லை. வெல்டு முடிந்தபின் இணைப்பை அடைக்கும் சீம் சீலரும், பெட்டிக்குள் மெழுகும் அடிக்கிறார்களா என்று கேளுங்கள். அடிக்காவிட்டால் ஒரே மழைக்காலத்தில் அந்த இணைப்பு துருப்பிடிக்க ஆரம்பிக்கும். சேஸ்ஸி எண் பொறித்த தகடு வேலையில் தொடப்பட வேண்டுமானால், வெட்டுவதற்கு முன் ஆணையத்திடம் கேட்டுவிடுங்கள். அந்த எண்ணில் கை வைத்த கார் சோதனையில் தேறாது.

எஞ்சினைத் ‘தட்டிப் பார்க்கிறேன்’ என்று யாரும் ஸ்டார்ட் செய்ய விடாதீர்கள். முன் மூலை இடியில் ரேடியேட்டர் பின்னால் போய் ஃபேன் மீது உட்கார்ந்திருக்கும். ஆட்டோ கியர் எண்ணெயைக் குளிர வைக்கும் குழாய் பல கார்களில் ரேடியேட்டர் தொட்டிக்குள்ளேயே ஓடுகிறது. தொட்டி கிழிந்தால் கியர் எண்ணெயும் ஒழுகியிருக்கும். தண்ணீரில்லாமல் ஐந்து நிமிடம் ஓடினால் ஹெட் கேஸ்கெட் போகும், உங்கள் 14,500 வேறு எண்ணாகிவிடும். ஏர்கான் குழாய் திறந்து கிடந்தால் ரிசீவர் டிரையரையும் மாற்றச் சொல்லுங்கள். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தீர்ந்துபோயிருக்கும். வலது சக்கரத்தில் அடி விழுந்திருந்தால் லோயர் ஆர்ம், டை ராட், நக்கிள், பேரிங் நான்கும் சந்தேகத்துக்குரியவை. பேரிங் சத்தம் சில வாரம் கழித்துத்தான் வரும். வேலை முடிந்ததும் அலைன்மென்ட் தாளைக் கேட்டு வாங்கி, சக்கரத்தின் சாய்வான கேம்பரை மட்டும் பார்க்காமல், சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வைக் காட்டும் எஸ்ஏஐ என்ற வரியையும் பாருங்கள். இரு பக்கத்துக்கும் ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் என்றால் டவரோ சப்ஃபிரேமோ இன்னும் நேராகவில்லை.

பெரும்பாலான பழைய கார்களின் கணக்கைக் கவிழ்ப்பது ஏர்பேக்தான். விரிந்த பையை மட்டும் மாற்றினால் போதாது. இரண்டு ஏர்பேக், ஸ்டியரிங்குக்குள் இருக்கும் கிளாக் ஸ்பிரிங், கன்ட்ரோல் யூனிட், முன் சென்சர், வெடித்த பிரிடென்ஷனர் (இடியில் பெல்ட்டை இறுக்கும் கருவி) உள்ள சீட் பெல்ட்டுகள், கிழிந்த டேஷ்போர்டு எல்லாம் சேர்ந்துதான் ஒரு செட். 14,500இல் இவை எல்லாம் புதிதாக அடங்கியிருக்கின்றனவா? இல்லாவிட்டால் அந்த விலையே பொய். மலிவு வழி இரண்டு உண்டு, இரண்டும் ஆபத்து. ஒன்று, ஏர்பேக் இருக்க வேண்டிய இடத்தில் சின்ன ரெசிஸ்டர் ஒன்றைப் பொருத்தி கம்ப்யூட்டரை ஏமாற்றுவது. மற்றொன்று, பாகங்களுக்காகப் பாதியாக வெட்டிய ‘ஹாஃப்-கட்’ வண்டியிலிருந்து பழைய ஏர்பேக்கை எடுத்துப் போடுவது. தக்காத்தா நிறுவனத்தின் ஏர்பேக்குகளை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது நினைவிருக்கும். அதிலுள்ள அம்மோனியம் நைட்ரேட் நீண்டகால வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் கெட்டு, விரியும்போது உலோகத் துண்டுகளைத் தெறிக்க விடும். வெப்பமும் ஈரமும் சேர்ந்த நம் ஊரில், எங்கே எத்தனை ஆண்டு கிடந்தது என்று தெரியாத பழைய ஏர்பேக்கை அம்மா உட்காரும் இருக்கைக்கு முன்னால் வைக்கலாமா என்பது கேள்வியே இல்லை. சாவி போட்டதும் ஏர்பேக் விளக்கு சில வினாடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பைக் கழற்றியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். பாக எண்ணோடு பில் கேளுங்கள்.

மற்றபடி ஹாஃப்-கட்டை ஒதுக்க வேண்டியதில்லை. ஃபெண்டர், பானெட், ஹெட்லைட், கதவு, ரேடியேட்டர் சப்போர்ட் போன்றவற்றுக்கு அசல் பழைய பாகம் பல நேரம் தைவான் புதுப் பாகத்தைவிட நன்றாகப் பொருந்தும். ஆல்டிஸ் இங்கே ஊர் முழுக்க ஓடிய கார் என்பதால் காக்கி புக்கிட், சின் மிங் பட்டறைகளுக்குப் பாகம் தேடித் தருவது கடினமில்லை; நிறம் மட்டும் சரியாக வர, பக்கத்துக் கதவு வரை பெயின்ட்டை மங்கலாக்கி ஏற்றச் சொல்லுங்கள். உங்கள் பாசம் ஆல்டிஸில் இருப்பது ஒரு விதத்தில் அதிர்ஷ்டம். அரிதான ஐரோப்பிய கார் என்றால் ஒரு ஹெட்லைட்டுக்கே இரண்டு மாதம் போகும்.

எதிர்க்காரர் மீதே தவறு என்பதால் அவர் காப்புறுதியிடம் கேட்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். கேட்கலாம். விபத்து நடந்து 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலை நாளுக்குள் உங்கள் நிறுவனத்தின் அறிக்கை மையத்தில் புகார் பதிவாகியிருக்க வேண்டும். பிரிப்பதற்கு முன் எதிர்த் தரப்புக்குத் தெரிவித்து, பார்வையிட வருகிறார்களா என்று சொல்ல இரண்டு வேலை நாள் தர வேண்டும். அதற்கு முன் பம்பரைக் கழற்றினால் பிறகு வாதாட்டம்தான். சுயேச்சையான சர்வேயர் (சேத மதிப்பீட்டாளர்) ஒருவரின் அறிக்கை இங்கே மிகவும் உதவும். ஆனால் சட்டமும் பாசத்துக்குப் பெரிதாக இடம் கொடுப்பதில்லை. 1963இல் இங்கிலாந்தில் டார்பிஷையர் எதிர் வாரன் வழக்கில், பழைய காரைச் சந்தை மதிப்பைவிட இரு மடங்குக்கும் மேல் செலவழித்துச் சரி செய்தவருக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் சந்தை மதிப்பை மட்டுமே அளித்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஓகிரேடி வழக்கில், ‘ஹார்ட்டென்ஸியா’ என்று பெயரிட்டுப் பேணிய ஒரு எம்ஜி காருக்கு ரிப்பேர் செலவு முழுவதும் கிடைத்தது உண்மைதான். ஆனால் அது, அதே போல இன்னொன்றைச் சந்தையில் வாங்க முடியாது என்று காட்ட முடிந்த கார். ஆல்டிஸுக்கு அந்த வாதம் எடுபடாது. எதிர்த் தரப்பிடமும் சந்தை மதிப்பை ஒட்டித்தான் எதிர்பாருங்கள்; மேலதிகமாக, கார் இல்லாத நாள்களுக்கான நியாயமான இழப்பைக் கேட்கலாம்.

மாறாக உங்கள் சொந்தக் காப்புறுதியில் கோரினால், என்சிடி, அதாவது இழப்பீடு கோராதவருக்கான பிரிமியக் கழிவு, 50 விழுக்காட்டிலிருந்து 20க்கு இறங்கும். என்சிடி கழிப்பதற்கு முன் பிரிமியம் 2,000 என்றால், அடுத்த ஆண்டு 1,000க்குப் பதில் 1,600, அதற்கடுத்து 1,400, பிறகு 1,200. மூன்று ஆண்டில் கூடுதலாக 1,200 வெள்ளி. என்சிடியைக் காக்கும் பாதுகாப்பு இணைப்பு வாங்கியிருந்தால் இது பொருந்தாது, பாலிசியைப் பாருங்கள்.

நிறுவனம் சொன்ன 13,000ஐ அப்படியே ஏற்க வேண்டியதும் இல்லை. கார் விற்பனை இணையத்தளமான எஸ்ஜிகார்மார்ட்டில் அதே ஆண்டு ஆல்டிஸ், சிஓஇயில் 24 முதல் 28 மாதம் மிச்சமுள்ளவை என்று நான்கைந்து விளம்பரத்தை அச்செடுத்து, உங்கள் சர்வீஸ் பில்களோடு அனுப்புங்கள். கேட்கும் விலையும் விற்கும் விலையும் ஒன்றல்ல என்று பதில் வரும். ஆனாலும் கொஞ்சம் அசையும். அசையாவிட்டால் நிதித் துறைத் தகராறு தீர்வு நிலையமான ஃபிட்ரெக் இருக்கிறது. இந்தப் பேச்சு முடியும் வரை பட்டுவாடா பத்திரத்திலோ பதிவு ரத்துக்கான தாளிலோ கையெழுத்து வேண்டாம். கையெழுத்து போனபிறகு ‘காரை நாங்களே வைத்துக்கொள்கிறோம்’ என்று சொல்ல வழியில்லை. பட்டறை நாள் வாடகை கேட்கிறதா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

என் கருத்தை நேராகவே சொல்கிறேன். ரெயில் டவருக்கு முன்னால் மட்டும் அடிபட்டு, ஏர்பேக் செட் புதிதாக 14,500க்குள் அடங்கி, 2028இல் புதுப்பிக்கப் போவதும் உறுதி என்றால் சரி செய்யுங்கள். இதில் ஒன்று குறைந்தாலும் விட்டுவிடுங்கள். புதுப்பிக்கும் எண்ணம் இல்லாமல் 26 மாதத்துக்காக 23,000 வெள்ளியைக் கரைப்பதை, ஆல்டிஸை அவ்வளவு கவனமாகப் பத்தாண்டுக்குப் புதுப்பித்த மனிதர் ஒப்புக்கொண்டிருப்பாரா என்று அம்மாவிடம் நீங்கள்தான் கேட்க வேண்டும்.

விடுவது என்று முடிவானால் வரிசை முக்கியம். அப்பாவின் பதிவு எண்ணை வைத்துக்கொள்ள விரும்பினால் பதிவை ரத்து செய்வதற்கு முன்பே ஆணையத்திடம் விண்ணப்பியுங்கள். அடுத்த காருக்கு அதையே போடலாம். பிறகு, இழுவை வண்டி வருவதற்கு முன் என்னென்ன கழற்றி எடுத்துக்கொள்கிறோம் என்று காப்புறுதிக்காரருக்கு ஒரு வரி எழுதி அனுமதி வாங்குங்கள், ஏனென்றால் தொகை கொடுத்தபின் கார் அவர்களுடையது. கியர் குமிழ், பின்னால் உள்ள பெயர்ப் பட்டை, சாவி, ரிவர்ஸ் கண்ணாடியில் தொங்கும் மணி எல்லாம் எடுக்கலாம், யாரும் மறுக்க மாட்டார்கள். ஸ்டியரிங் வேண்டுமென்றால் விரிந்த ஏர்பேக்கைப் பட்டறையிலேயே கழற்றச் சொல்லுங்கள். 10 நிமிட வேலை, பேட்டரி இணைப்பை முன்கூட்டியே எடுத்திருக்க வேண்டும். டேஷ்கேம் மெமரி கார்டையும் நெட்ஸ் அட்டையையும் மறக்காதீர்கள். எதிர்த் தரப்போடு வழக்கு முடியும் வரை அந்த மெமரி கார்டு பத்திரமாக இருக்கட்டும்.